பயம் பார்க்கும் கம்பி

சடைக்காரியின் வலது கை பாதி தூரம் எழும்பி நின்றுவிட்டது. தொம்மை அவள் முதுகுத் துணியை விலக்கி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். பழைய லாரியில் கழற்றிய வைப்பர் மோட்டார்தான் அவளுக்குத் தோள்பட்டை. பிவிசி குழாய் எலும்பு, சைக்கிள் செயின் நரம்பு, முகம் காகிதக் கூழ். செயின் ஒரு பல் நழுவியிருந்தது. அதை ஏற்றிவிட்டு, "இப்பப் போடு பிள்ள" என்றார்.

ஜெசிந்தா மடிக்கணினியில் ஏதோ தட்டினாள். கை சடாரென்று எழும்பி அவர் காதோரமாகக் காற்றை வீசிக்கொண்டு இறங்கியது. அவர் அசையவில்லை.

"உங்கள வச்சு இதுக்குப் பாடம் எடுக்க முடியாது அண்ணாச்சி. எதுக்குமே பயப்பட மாட்டேங்கிய" என்று சிரித்தாள்.

தொம்மையும் சிரித்து வைத்தார்.

ஜெசிந்தா சென்னையில் ஆறு வருஷம் ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அமெரிக்காவில் அக்டோபர் கடைசி நாளில் ஹாலோவீன் என்று ஒரு கொண்டாட்டம். வீட்டு வாசலில் எலும்புக்கூட்டையும் சூனியக்காரியையும் நிறுத்தி, வருகிறவர்களை அலற வைப்பார்கள். அந்தப் பொம்மைகள் அவள் கம்பெனியிலிருந்து கப்பலில் போகும். ஆனால் அவளுக்குப் பிடித்தவை கம்பெனிப் பொம்மைகள் இல்லை. அங்கே சில பேர் கார் ஷெட்டில் உட்கார்ந்து, ஓட்டை மோட்டாரையும் குழாயையும் வைத்துத் தாங்களே ஆடும் பொம்மை செய்து, அதை வீடியோ எடுத்துப் போடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் தொழில் கற்றாள். அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் செம்பாறைத்துறைக்குத் திரும்பி வந்தபோது, மாதா கோயில் திருவிழாப் பொருட்காட்சியில் ஒரு பேய் வீடு போடலாம் என்று தோன்றியது. மோட்டார் வேலைக்கு அந்த ஊரில் தொம்மையை விட்டால் ஆள் கிடையாது. பம்பு செட் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கேட்டதும் மறுபேச்சில்லாமல் வந்தார். ஏன் வந்தார் என்பது அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் பின்னால் இருந்த வலைக் கொட்டகையில் ஐந்து மாதம் வேலை நடந்தது. ஒன்பது பொம்மைகள். கடைசியாக, பாதை நெடுகிலும் ஓடுகிற எவர்சில்வர் கைப்பிடிக் கம்பியைத் தொம்மை வெல்டு வைத்தார். பத்தடிக்கு ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஒரு வயர் போக வேண்டும் என்றாள்.

"கைப்பிடிக்கு வயர் எதுக்கு பிள்ள?"

"இதுதான் அண்ணாச்சி விஷயமே. உள்ள முழுக்க இருட்டு. கம்பியப் பிடிக்காம ஒருத்தரும் நடக்க முடியாது. பயந்தா கை வேர்க்கும், நாடி துடிக்கும், பிடி இறுகும். அதெல்லாம் பெட்டிக்குப் போயிரும். பொம்மை ஆளுக்கொரு மாதிரி செஞ்சு பாக்கும். எதுக்குக் கை ரொம்ப வேர்க்குதோ அத வச்சுக்கும், மத்தத விட்டுரும்."

"அப்ப நாம ஒண்ணும் சொல்லிக் குடுக்க வேண்டாமா?"

"ஊர்க்காரங்களே சொல்லிக் குடுத்துருவாங்க. வாயால இல்ல, கையால. வாய் மாத்திப் பேசும். கைக்கு அது தெரியாது."

தொம்மை முகக் கவசத்தை இறக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

பொருட்காட்சி தொடங்கி மூன்றே நாளில் பொம்மைகள் ஊரைப் படித்துவிட்டன. எலும்புக்கூட்டைப் பார்த்து ஊர் சிரித்தது. ரத்தம் வழிகிற முகத்துக்கு யாருடைய கையும் வேர்க்கவில்லை. ஆனால் ஐந்தாவது பொம்மை, கூடத்தில் மெல்லிதாக ஓடிக்கொண்டிருந்த கடல் இரைச்சலைச் சட்டென்று நிறுத்திப் பார்த்தது. கடல் திடீரென்று அடங்கினால் ஆபத்து என்று அறிந்த கடலோடிகள் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஏழாவது பொம்மை பின்னால் வருகிற காலடிச் சத்தத்தைக் கற்றுக்கொண்டது. ஆள் நின்றால் அதுவும் நிற்கும். பெண்கள் அதற்குத்தான் நடுங்கினார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி வெளியே வந்து அழுதாள். ஜெசிந்தா அன்றைக்கே காலடிச் சத்தத்தை எடுத்துவிட்டாள். "பயமுறுத்தணும்னுதான் செஞ்சேன். ஆனா இது வேற பயம்" என்றாள்.

இந்த ஊரின் பயத்தில் ஒன்று தொம்மைக்குச் சொந்தம்.

பதினாலு வருஷத்துக்கு முன்பு அவர் ஊருக்குத் தெற்கே இருந்த உரக் கம்பெனியில் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர். பங்குனி மாதம், மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிஷம். மீட்டரில் முள் சிவப்பைத் தாண்டியது. அப்படி ஆனால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சுவரில் இருக்கிற கண்ணாடியை உடைத்துப் பொத்தானை அமுக்க வேண்டும். ஆபத்துச் சங்கு மூன்று மைலுக்குக் கேட்கும். ஷிப்ட் சங்கு மாதிரி ஒரே சீராக அல்ல, ஏறி இறங்கி ஓலமாக ஊதும். ஜன்னல் வழியே அம்மோனியா டேங்கின் அடியில் வெள்ளையாக ஒன்று பரவுவதைத் தொம்மை பார்த்தார். கண்ணாடிக்கும் அவருக்கும் நான்கு எட்டுத் தூரம். கால்கள் வாசல் பக்கம் ஓடின. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குத் தெரியும். காற்றுக்கு எதிராகத் தெற்கு கேட் வழியாக ஓடினார். காற்று போன பக்கத்தில், கடற்கரையில் கருவாடு காயப்போடும் களம் இருந்தது. அங்கே பதினோரு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி புஷ்பம், ஜெசிந்தாவின் அம்மா.

மூன்றாம் நாள் மேனேஜர் தொம்மையின் வீட்டுக்கு வந்தார். "நீங்க சங்கு ஊதுனீங்கதானே தொம்மை?" என்றார். கேள்வி மாதிரி இல்லை. தொம்மை, "ஆமா சார்" என்றார். அதையே விசாரணைக் கமிஷனிலும் சொன்னார். சங்கு ஊதியும் மக்கள் அலட்சியமாக இருந்துவிட்டார்கள் என்று அறிக்கை வந்தது. எங்களுக்குக் கேட்கவில்லையே என்று சொன்னவர்களிடம், கோயில் மைக் சத்தத்தில் கேட்டிருக்காது என்றார்கள். வருஷம் போகப் போக, "கேட்ட மாதிரித்தான் இருந்துச்சு" என்று சொல்கிற ஆட்களும் ஊரில் உண்டாகிவிட்டார்கள்.

ஜெசிந்தாவின் அப்பா மிக்கேல் அந்த மத்தியானம், ராத்திரி கடலுக்குப் போய்வந்த அசதியில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். கமிஷன் அதிகாரி கேட்டபோது, "கேட்டிருக்கும் சார். ஷிப்ட் சங்குன்னு நெனச்சுப் புரண்டு படுத்திருப்பேன்" என்றார். அது, சங்கு கேட்டது என்று பதிவாயிற்று. அதன் பிறகு மிக்கேல் கடலுக்குப் போகவில்லை. வருஷா வருஷம் நினைவுநாள் பூசை முடிந்ததும் நேராகத் தொம்மையிடம் வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார். "நீ ஒன் வேலையச் செஞ்ச தம்பி. நாந்தான் தூங்கிட்டேன்" என்பார். தொம்மைக்கு அந்த நாளில் சோறு இறங்காது.

நான்காம் நாள் காலை. பேய் வீடு திறக்க இன்னும் நேரம் இருந்தது. சடைக்காரியின் கையைச் சரி பார்த்துவிட்டுத் தொம்மை இருட்டுப் பாதையில் கம்பியைப் பிடித்தபடி நடந்து வந்தார், எல்லாத் துண்டும் வேலை செய்கிறதா என்று பார்க்க. எட்டாவது பொம்மை திரும்பியது. அதன் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறி.

அவர் வெளியே எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஜெசிந்தா டிக்கெட் மேசையில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது… அத ஏன் போட்ட?"

"அடையாளம் தெரிஞ்சுட்டா?" என்றாள். குரல் தணிந்திருந்தது. "கமிஷன்ல கம்பெனிக்காரன் பயிற்சி டேப்புல இருந்த சங்குச் சத்தத்த எடுத்துக் குடுத்தான்லா, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு காப்பி வந்துச்சு. அதப் போட்டுக் கேக்க ஊர்ல ஒருத்தருக்கும் மனசு வரல. அப்பா தொட்டதே இல்ல. அன்னைக்கு நான் வெளியூர் ஹாஸ்டல்ல இருந்தேன், நாந்தான் இப்ப எடுத்தேன்."

"பிள்ள, செத்தவங்க வீட்டு ஆளுக எல்லாம் வருவாங்க இங்க. விழுந்து எந்திரிச்சு ஓடுவாங்க. யாராவது மிதிபட்டா?"

"சத்தம் ரொம்பக் குறைச்சுத்தான் வச்சிருக்கேன். ஒரே ஒரு நாள், அண்ணாச்சி. நாளைக்கு எடுத்துருவேன்." அவள் மேசையிலிருந்த டிக்கெட் கட்டை அடுக்கி வைத்தாள். "எங்கப்பா இந்த ஊர்ல தான் ஒருத்தர்தான் அதக் கேட்டுட்டுச் சும்மா கிடந்தார்னு நெனச்சுட்டு இருக்கார். அப்படி இருக்காதுல்லா? அன்னைக்கு எத்தன பேரு கேட்டுட்டு ஷிப்ட் சங்குன்னு இருந்திருப்பாங்க! வாயால கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. கை சொல்லும். இன்னின்னாருக்குன்னு பேரு வேண்டாம். அம்பது பேரு இருக்காங்க, நூறு பேரு இருக்காங்கன்னு அப்பாகிட்டச் சொல்ல முடிஞ்சா போதும். அவருக்கு ஒரு துணை ஆகும்."

தப்புத்தான், எனக்கும் தெரியுது என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்குக் கதவு திறந்ததிலிருந்து தொம்மை எட்டாவது பொம்மைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மோட்டார் சூடாகிறது, பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். பக்கத்தில் சின்னத் திரை ஒன்று. கம்பியைப் பிடிக்கிற ஒவ்வொரு கைக்கும் ஒரு பச்சைக் கோடு ஓடும். பயந்தால் கோடு குன்று மாதிரி எழும்பும்.

வருகிறவர்களில் பாதிப் பேரை அவருக்கு மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது. கருவாட்டுக் களத்தில் அக்காவைப் பறிகொடுத்த சவரிமுத்து வந்தார். மாமியாரைப் பறிகொடுத்த டெல்பின் வந்தாள். பொம்மை ஓலமிட்டது. தொம்மை கண்ணை மூடிக்கொண்டார். அலறல் எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பச்சைக் கோடு தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது.

"இதென்னடே, நாய் ஊளையிடுத மாதிரி" என்றார் சவரிமுத்து. டெல்பின் சிரித்தபடி அடுத்த பொம்மைக்குப் போனாள்.

ஏழு மணிக்குள் அறுநூறு பேர் போயிருப்பார்கள். ஒரு கோடுகூட எழும்பவில்லை. ஒரு மணி நேரம் வரை தொம்மைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. மறந்துபோகிற சத்தம் அது இல்லை. ஒருமுறை கேட்டவன் சாகிற வரைக்கும் அதற்கு வேர்ப்பான். இவர்கள் மறக்கவில்லை. இவர்களுக்கு மறக்க எதுவும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இன்றைக்குத்தான் கேட்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் மனைவி லூர்தம்மாளிடம் சொன்னார். ஊரில் அவருடைய பொய்யைத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளைக்குப் பொம்மை செஞ்சு குடுத்தா மனசு ஆறிரும்னு நெனச்சுத்தான போனிய? போகாதீயன்னு அப்பவே சொன்னேன்."

"நாளைக்கு அவ கேப்பா."

"கேட்டா, மறந்திருப்பாங்கன்னு சொல்லுங்க. பதினாலு வருஷம் ஆச்சு. இப்பச் சொல்லி யாரு எந்திரிச்சு வரப் போறா?"

"செத்தவங்களுக்கு இல்ல லூர்து. மிக்கேல் அண்ணன் உசிரோட இருக்காரு."

லூர்தம்மாள் மீனைத் திரும்பவும் முதலிலிருந்து கழுவினாள்.

மறுநாள் காலை தொம்மை போனபோது ஜெசிந்தா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, ஒருத்தர்கூட இல்ல" என்றாள். "சின்னப் பிள்ளைகள விட்டுட்டேன். டிக்கெட்டுல எழுதுன வயச வச்சு, அன்னைக்கு ஊர்ல இருந்த வயசுக்காரங்கள மட்டும் பிரிச்சுப் பாத்தேன். நாய் குரைச்சா பயப்படுதாங்க, கடல் நின்னா பயப்படுதாங்க. இதுக்கு இல்ல. அது எப்படி?"

"மறந்திருப்பாங்க பிள்ள."

தன் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வருகிறது என்று தொம்மைக்கே அருவருப்பாக இருந்தது.

"மனசு மறக்கும். கை மறக்காது. மூணு நாளாப் பாத்துட்டோம்லா." திரையை அவர் பக்கம் திருப்பினாள். "அது மட்டுமில்ல. ஒரு கை இருக்கு. ஒரே ஒரு கை. இவ்வளவு பெரிய பயத்த இந்தப் பெட்டி இதுவரைக்கும் பதிவே பண்ணல. நேத்துக் காலைல, ஒம்பது மணி இருபது நிமிஷம். அந்த நேரம் உள்ள இருந்தது நீங்க மட்டுந்தான்."

பச்சைக் கோடு திரையின் உச்சியை முட்டி அங்கேயே நின்றிருந்தது.

"கம்பெனில பயிற்சி டேப்புல நீங்க முன்னமே கேட்டிருப்பிய, சரி. ஆனா ஊருக்கே கேட்டிருக்கணுமே அண்ணாச்சி அன்னைக்கு? நீங்க ஊதுனதுதானே?"

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். அதற்குள் வாசல் படுதாவை விலக்கிக்கொண்டு மிக்கேல் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அறுபத்துநாலு வயதுக்கு இன்னும் பத்து கூட்டிச் சொல்லலாம்.

"வரச் சொன்னியே ஜெசி" என்றார். தொம்மையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "தம்பி, பொம்மை எல்லாம் பிரமாதமாமே, ஊரே பேசுது."

ஜெசிந்தா அப்பாவின் கையைப் பிடித்தாள். "அப்பா, உள்ள ஒரு சத்தம் இருக்கு. ஒரே ஒரு தடவ கேளுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்."

தொம்மை தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அவர்கள் பின்னாலேயே இருட்டுக்குள் போனார்.

மிக்கேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டாவது பொம்மை திரும்பி ஓலமிட்டது. மூன்று முறை ஏறி இறங்கி அடங்கியது.

"இது என்ன சத்தம்?" என்றார் மிக்கேல்.

பொம்மையின் மோட்டார் முனகித் தலையைப் பழைய இடத்துக்குத் திருப்பியது.

"ஏதோ மிருகமா?"

"அப்பா, இதுதான் அந்தச் சங்கு."

"எந்தச் சங்கு?" பிறகு அவருக்குப் புரிந்தது. "இதுவா? ஷிப்ட் சங்கு மாதிரில்லா இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன், இத்தன வருஷமா." இருட்டில் அவர் குரல் மெதுவாக, தனக்குத்தானே பேசுவதுபோல் வந்தது. "இந்தச் சத்தத்துக்கா நான் புரண்டு படுத்தேன்? இதக் கேட்டு எப்படிம்மா ஒருத்தன் தூங்குவான்? நான் என்ன மனுஷன்?"

தொம்மைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, நீங்க தூங்குனதுல ஒண்ணுமில்ல. சங்கு ஊதல."

"என்ன?"

"நான் ஊதல அண்ணே. கண்ணாடிய உடைக்கல. மீட்டரப் பாத்தேன், புகையப் பாத்தேன், ஓடிட்டேன். ஊதுனேன்னு சொன்னது பொய்."

கம்பியில் யாரோ கையை எடுத்த சத்தம் கேட்டது. ஜெசிந்தா விளக்கைப் போட்டாள். வெளிச்சத்தில் பொம்மை வெறும் குழாயும் துணியுமாக நின்றது. மிக்கேல் தொம்மையைப் பார்க்கவில்லை. பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்க வருவார் என்று தொம்மை எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. மிக்கேல் திரும்பி, கம்பியைத் தொடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

ஜெசிந்தா போகவில்லை. "அஞ்சு மாசம்" என்றாள். "எங்க வீட்டுக் காப்பியக் குடிச்சுட்டு அஞ்சு மாசம் எங்கூட வேல பாத்தீய."

"ஆமா."

"ஏதாவது சொல்லுங்க அண்ணாச்சி."

தொம்மை குனிந்து எட்டாவது பொம்மையின் பிளக்கைப் பிடுங்கினார்.

அன்று பேய் வீடு திறக்கவில்லை. திங்கட்கிழமை ஜெசிந்தா உதவி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாள். தொம்மையும் தனியாக ஒரு பஸ்ஸில் போனார். உதவி ஆட்சியர் நடு வயதுப் பெண்மணி. பொறுமையாகக் கேட்டார். அறுநூறு கோடுகள் இருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"இது எனக்குப் புரியுது. நம்பவும் செய்றேன். ஆனா பேய் வீட்டுல வேர்த்த கையையும் வேர்க்காத கையையும் சாட்சியா வச்சு நான் பழைய விசாரணையத் திறக்க முடியாதும்மா. எந்திரம் கை காட்டும், அவ்வளவுதான். ஒரு மனுஷன் சொல்லணும்."

"சொல்லத்தான் வந்திருக்கேன் அம்மா" என்றார் தொம்மை.

"கமிஷன்ல பொய் சாட்சி சொன்னதுக்கு உங்க மேல வழக்கு வரும். தெரியுமில்ல?"

"தெரியும்."

வாக்குமூலம் நாலு பக்கம் வந்தது. கையெழுத்துப் போடுகிறபோது அவர் கை வேர்க்கவில்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

ஊருக்குத் தெரிய ஒரு நாள் போதுமானதாக இருந்தது. பம்பு செட் கடைக்கு ஆள் வரவில்லை. லூர்தம்மாள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தாள். களத்தில் தாயை இழந்த ஒருவன் நடுத் தெருவில் தொம்மையின் சட்டையைப் பிடித்தான். அவர் அப்படியே நின்றார். அவன்தான் விட்டுவிட்டு அழுதான். மிக்கேலை எங்கேயும் பார்க்க முடியவில்லை. ஜெசிந்தா பொம்மைகளைப் பிரித்துக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டாள் என்று கேள்விப்பட்டார்.

இரண்டு மாதம் கழித்து உதவி ஆட்சியரிடமிருந்து அழைப்பு வந்தது. பழைய விசாரணை மீண்டும் திறந்ததைச் செய்தியில் பார்த்துவிட்டு, கம்பெனியில் எலெக்ட்ரீஷியனாக இருந்த ஒருவர் வேறு மாவட்டத்திலிருந்து கடிதம் எழுதியிருந்தார். விபத்துக்கு இரண்டு மாதம் முன்னால், தை மாதம், ஆபத்துச் சங்கு காரணமில்லாமல் தானாக அலறப் பார்த்து, ஊதுமுன்பே நிறுத்தப்பட்டதால், மேலிடம் சொல்லி அதன் வயரை அவரே கழற்றிப் போட்டதாகவும், அதைத் திரும்ப மாட்டச் சொல்லி உத்தரவு வரவே இல்லை என்றும் அதில் இருந்தது.

"அதாவது, நீங்க அன்னைக்குப் பொத்தான அமுக்கியிருந்தாலும் சத்தம் வந்திருக்காது" என்றார் உதவி ஆட்சியர்.

தொம்மைக்கு முதலில் நெஞ்சில் ஏதோ லேசானது. பதினாலு வருஷமாக உட்கார்ந்திருந்த ஒரு கல் நகர்ந்த மாதிரி. பஸ்ஸில் பாதி தூரம் அந்த லேசோடுதான் வந்தார். அப்புறம் அந்த நிம்மதி நாற ஆரம்பித்தது. ஊர் நிறுத்தத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராக மிக்கேல் வீட்டுக்கு நடந்தார்.

ஜெசிந்தா கதவைத் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. கதவை விட்டு ஒதுங்கி நின்றாள். மிக்கேல் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொம்மை நின்றபடியே கடிதத்தில் இருந்ததைச் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அப்ப நீ அமுக்கியிருந்தாலும் புஷ்பம் செத்துத்தான் போயிருப்பா" என்றார் மிக்கேல்.

"ஆமாண்ணே."

"இதச் சொல்லத்தான் வந்தியா? ஒனக்கு லேசா இருக்கணும்னு?"

"முதல்ல லேசாத்தான் இருந்துச்சு. அந்த லேசு வந்ததுக்கே வெக்கமா இருக்கு. நீங்களும் தெரிஞ்சுக்கணும்னு வந்தேன்."

மிக்கேல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீ அமுக்கியிருந்தா, ஊதலைன்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கும். ஓடி வந்து, அமுக்குனேன் ஊதலன்னு சொல்லியிருப்ப. கம்பெனிக்காரன் அன்னைக்கே மாட்டிக்கிட்டிருப்பான். நீ ஓடுனது பயம். பயத்த நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நானா இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆனா மூணாம் நாளு அந்த ஆளு வந்து கேட்டப்ப ஆமான்னு சொன்னியே, அதுக்கு அப்புறம் வருஷா வருஷம் என்னய ஒன் கையப் பிடிக்க விட்டுட்டு நின்னியே, அது பயமில்ல தொம்மை."

தம்பி என்று சொல்லவில்லை என்பதைத் தொம்மை கவனித்தார்.

"இல்லண்ணே. அது பயமில்ல."

"சகாயமேரிக்குத் தெரியுமா, இந்த வயர் சமாச்சாரம்?" சகாயமேரி களத்தில் மகளை இழந்தவள், அன்று அவளும் வீட்டில்தான் இருந்தாள்.

"யாருக்கும் தெரியாது. இப்பத்தான் வாரேன்."

"பேப்பர்ல வந்து தெரியக் கூடாது. நீ போய்ச் சொல்லணும். பத்து வீடு. ஓடுனதையும் சொல்லணும், பொய் சொன்னதையும் சொல்லணும், வயரையும் சொல்லணும். எதையும் விடக் கூடாது."

"சொல்லுதேன். இப்பவே போறேன்."

தொம்மை வாசல்படி இறங்கினார். பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டுத் திரும்பினார். மிக்கேல் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அதை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

"நீங்க எதுக்குண்ணே வாரீய?"

"நீ சரியாச் சொல்லுதியான்னு பாக்கணும்" என்றார் மிக்கேல்.